பன் தலையனின் கடைசிக் கதவு

கடையில் உயிரோடு இருந்த பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். அது மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"வேற எங்கயாவது மாட்டக் கூடாதா?" என்றார் மேனேஜர்.

"எங்க மாட்டுறது? பார்க்கிற பிளக் மேல எல்லாம் டேப் ஒட்டி வெச்சிருக்கீங்களே," என்றார் மெஷின்காரர்.

தலைமை அலுவலகம் அனுப்பிய அந்த மெஷின்காரருக்கு அறுபதை நெருங்கும் வயது. சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு தோளில் குண்டு டிவி, மறு கையில் வீடியோ கேம் பெட்டி, கழுத்தில் மாலை போல ஒயர். வந்ததும் வராததுமாக, "ரெண்டு பர்கர் சொல்லிடுங்க, சாஸ் தாராளமா இருக்கட்டும்" என்று மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கேட்டதில் மேனேஜருக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போயிற்று.

ஆளின் நடையும் சரியில்லை. பின்வாசல் வழியாக வந்தவர், சாமான் அறையின் அரைக்கதவை முட்டித் தள்ளிவிட்டு, அது திரும்பி வருவதற்குள் முழங்கையால் அணை கொடுத்தார். சுவரோர அலமாரிக்குப் பக்கத்தில் காரணமே இல்லாமல் தலையைக் குனிந்தார். சமையலறை நடுவில் தரையைப் பார்க்காமலே ஒரு காலைத் தூக்கி எதையோ தாண்டினார். மூட்டுவலியாக இருக்கும் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பர்கர் கம்பெனிக்கு ஆண்டு விழா. ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கடைக்கு இழுப்பதற்காகக் கம்பெனி ஒரு வீடியோ கேம் வெளியிட்டிருந்தது. ஓடுவது, குதிப்பது, பள்ளத்தில் விழுந்து சாவது என்று கட்டம் கட்டமாக நகரும் பழைய காலத்து விளையாட்டு. அதன் நாயகன் கம்பெனியின் சின்னமான பன் தலையன். தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பன், அதன் கீழே கனத்த மீசை, மேலே சிவப்புத் தொப்பி, குட்டையான இரண்டு கால். விழா நாளன்று ஒவ்வொரு கிளையிலும் மேனேஜரே வாடிக்கையாளர்கள் முன்னால் அந்த விளையாட்டை ஆடிக் காட்டித் தொடங்கி வைக்கவேண்டும் என்று உத்தரவு.

நம் மேனேஜருக்கும் உருண்டைத் தலை, கனத்த மீசை, கம்பெனி கொடுத்த சிவப்புத் தொப்பி. கடையில் எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பன்னு' என்றுதான் சொல்வார்கள். அவர் காதுக்கு மட்டும் அது எட்டியதில்லை.

அவருடைய அறைச் சுவரில் பளபளவென்று ஒரு கேடயம் தொங்கியது. 'பழுது என்று ஒரு புகார்கூட அனுப்பாத கிளை.' அவருக்கு முன்னால் இருந்த மேனேஜரும் வாங்கினார், அவருக்கும் முன்னால் இருந்தவரும் வாங்கினார். இப்போது இவர் வாங்குகிறார். குடும்பச் சொத்து மாதிரி கைமாறி வந்த அந்தப் பெருமையை அவர் தினமும் காலையில் துணியால் துடைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

இப்போது அந்த நாற்காலிக்குத்தான் இடமில்லை. டிவியும் மேஜையும் ஒயரும் அறையை அடைத்துக்கொண்டன. மேனேஜரின் மேஜையைத் தூக்கிச் சமையலறையின் பின்மூலையில், இறைச்சியைக் குளிரில் வைக்கும் கோல்டு ரூம் பக்கத்தில் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கண்ணாடி வழியாக மட்டுமே சமையலறையைப் பார்த்திருந்த மனிதர், முதல் முறையாக அதற்குள் குடியேறினார்.

"சார் இங்கயா உட்காரப் போறீங்க? நாள் பூராவுமா?" என்று ஃப்ரையர் அக்கா கேட்ட கேள்வியில் வரவேற்பு எதுவும் இல்லை. அந்தக் கடையில் உருளைக்கிழங்கு பொரித்தே தலை நரைத்தவர் அவர். வாய்க்கு மட்டும் வயசாகவில்லை.

"விழா முடியுற வரைக்கும்தான்."

"அது வரைக்கும் பாட்டு கேட்கக் கூடாதா?"

"கூடாது."

அதற்குள் கண்ணாடி அறையில் டொய்ங் டொய்ங் என்று சத்தம். மேனேஜரின் மச்சினன் விளையாட ஆரம்பித்துவிட்டான். கடையில் பன்னுக்குள் இறைச்சி வைத்து அடுக்குவது அவன் வேலை. அக்காள் புருஷன் மேனேஜராக இருக்கும் தைரியத்தில் அந்த வேலையைத் தவிர மற்றதெல்லாம் செய்வான்.

"மாமா, இங்க வாங்களேன்! உங்கள மாதிரியே இருக்கான்!"

மேனேஜர் எட்டிப் பார்த்தார். பன் தலையன் ஒரு ட்ரேயை ஏந்திக்கொண்டு நடந்து வந்தான். தரையில் ஒரு கல்லின் மேல் கால் வைத்ததும் கல் சாய்ந்தது. ட்ரே பறந்தது. பன் தலையன் மீசை தரையில் படக் குப்புற விழுந்தான். டொய்ங்.

"கல்லு ஆடுதுன்னு தெரியாம கால வெக்கிறான் பாரு, மடப்பய!" என்று மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரித்த வாய் மூடுவதற்குள் கவுண்டரில் ஆர்டர் குவிந்தது. உதவி செய்யலாமே என்று அவரே ஒரு ட்ரேயை ஏந்திக்கொண்டு சமையலறை நடுவே நடந்தார். காலுக்கடியில் ஒரு டைல்ஸ் சாய்ந்தது. ட்ரே பறந்தது. மேனேஜர் மீசை தரையில் படக் குப்புற விழுந்தார். கண்ணாடி அறையிலிருந்து டொய்ங் என்றது.

"அந்தக் கல்லு மேல ஏன் சார் கால வெச்சீங்க?" என்றார் ஃப்ரையர் அக்கா, கூடையைக் குலுக்குவதை நிறுத்தாமலே.

"எந்தக் கல்லு?"

"இதான். ஆடுற கல்லு. இத யாரும் மிதிக்க மாட்டோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் கேட்கல?"

வேறொரு மேனேஜராக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார். நம்மவர் சுவரில் தொங்கும் கேடயத்தை நினைத்துக்கொண்டார். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கல்லின் மேல் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார். வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டார்.

மத்தியானம் மச்சினன் மறுபடி கூவினான். "மாமா, ரெண்டாவது ஸ்டேஜ்!"

வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே மேனேஜர் பார்த்துவிட்டார். திரையில் ஒரு அலமாரி. பன் தலையன் கீழே நடக்க நடக்க, மேலேயிருந்து சிவப்பு டின்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து அவன் தலையில் விழுந்தன.

கல்லை மிதிக்கக் கூடாது என்பதற்காக மேனேஜர் அன்று முழுக்கச் சுவரோரமாகவே நடந்துகொண்டிருந்தார். சுவரோரம் இருப்பது அலமாரி. அதன் ஒரு காலுக்கு ஆணி போன வருடமே போயிருந்தது. இல்லை, அதற்கும் முன்பே போயிருக்கலாம். தோள் லேசாக உரசியது, அவ்வளவுதான். தக்காளி சாஸ் டின் ஒன்று நேராக அவர் தொப்பியின் மேல் இறங்கித் திறந்துகொண்டது.

மீசையிலிருந்து சாஸ் சொட்டச் சொட்ட நின்ற மேனேஜரைப் பார்த்து மச்சினன் திரையைக் காட்டினான். திரையிலும் சிவப்பு சொட்டச் சொட்ட ஒரு மீசை நின்றுகொண்டிருந்தது.

மேனேஜரால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. ஓடிப் போய் ஒயரைப் பிடுங்கினார். டிவி 'பட்' என்று அணைந்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டுப் போயிற்று.

மறுநாள் காலை கடை திறந்ததும் மச்சினன் தன் பாட்டுக்கு மெஷினைப் போட்டுவிட்டான். ஒயரைப் பிடுங்கினால் விளையாட்டு முதலிலிருந்துதானே தொடங்கும்? பன் தலையன் ட்ரேயோடு வந்தான். கல் சாய்ந்தது. டொய்ங்.

அதே நேரத்தில் சமையலறையில் மேனேஜர், அட்டை மூடியிருந்ததால் கல் எது என்று தெரியாமல், அலமாரியைச் சுற்றிக்கொண்டு போவதாக நினைத்து, அட்டையின் நட்டநடுவில் கால் வைத்தார்.

இந்த முறை கல் மட்டும் சாயவில்லை, அட்டையும் வழுக்கியது.

"நேத்தாவது கல்லு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுது," என்றார் ஃப்ரையர் அக்கா.

மேனேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி அறைக்கு நொண்டினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "டேய், இத இனிமே அணைக்காதே. அணைச்சா முதல்லேர்ந்து வருது. எனக்கும் முதல்லேர்ந்து வருது."

"என்ன வருது மாமா?"

"அடி!"

"அப்ப ஆடவா?"

"ஆடவும் ஆடாதே! அப்படியே நிறுத்தி வை. அவன் நகரக் கூடாது."

மச்சினன் பொத்தானை அழுத்தி நிறுத்தினான். பன் தலையன் ஒரு காலைத் தூக்கியபடி நடுத்திரையில் நின்றுகொண்டு லேசாக நடுங்கினான். பழைய டிவி அப்படித்தான் நடுங்கும் என்றான் மச்சினன். மேனேஜருக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் கண்ணாடி வழியாக அந்த இரண்டு புள்ளிக் கண்ணும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

நடுவில் போனால் கல், ஓரத்தில் போனால் டின் என்பதால், கவுண்டருக்குப் போகச் சாமான் அறை வழியாகச் சுற்றிப் போவது என்று முடிவெடுத்தார். அந்த வழியில் ஒரே ஒரு அரைக்கதவுதான். பார்க்க அப்பாவியாக இருந்தது.

அவர் அந்தக் கதவைத் தள்ளிய அதே நேரத்தில், டிவியில் தூசி படிந்திருக்கிறதே என்று ஃப்ரையர் அக்கா ஒரு துணியோடு கண்ணாடி அறைக்குள் போனார். துடைத்த துணி பொத்தான் மேலும் போயிற்று. இரண்டு நாள் மச்சினன் கையில் அடிபட்டுத் தேர்ந்திருந்த பன் தலையன் கல்லையும் டின்னையும் எப்படித் தாண்டினானோ தெரியாது, மூன்றாவது ஸ்டேஜுக்குள் போய்விட்டான். அங்கே ஒரு கதவு. அவன் அதைத் தாண்டியதும் கதவு விசையோடு திரும்பி வந்து அவன் பின்புறத்தில் ஒரு போடு போட்டது.

சாமான் அறையிலிருந்து 'அம்மா!' என்று ஒரு அலறல். ஃப்ரையர் அக்கா துணியோடு எட்டிப் பார்த்தபோது மேனேஜர் மாவு மூட்டைக்குள் தலைகீழாக இருந்தார்.

"அந்தக் கதவு திரும்பி வரும் சார். தள்ளினதும் கையால பிடிச்சுக்கணும்."

"இதையும் எல்லாரும் தெரிஞ்சு வெச்சிருக்கீங்களா?" என்று மாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பழகிடும் சார்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது மேனேஜர் வாசல்படியைக் காலைத் தூக்கித் தாண்டினார், நிலைக்குக் கீழே குனிந்தார், கதவைப் பின்கையால் பிடித்துக்கொண்டார். மனைவி கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"என்ன இது, டான்ஸ் கிளாஸ் சேர்ந்துட்டீங்களா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்கு அதிகப் பயமாக இருந்தது.

"பொம்மை விளையாட்டப் பார்த்துப் பயப்படுற வயசா இது?" என்றாள் கடைசியில். "கடைசியில என்ன ஆகுதுன்னு ஒரு தரம் பார்த்துடுங்க. ஒண்ணும் இருக்காது. ஜெயிச்சுக் கொடி ஏத்துவான். பார்த்துட்டா பயம் போயிடும்."

நல்ல யோசனைதான். மறுநாள், விழாவுக்கு முந்தின நாள், மச்சினனை உட்கார வைத்துப் பக்கத்தில் நின்றுகொண்டார். "ஒரு அடிகூட படாம கொண்டு போ. கல்லு, டின்னு, கதவு எதுவும் அவன் மேல படக் கூடாது. பட்டா உன்ன வேலையவிட்டே தூக்கிடுவேன்."

"என் அக்காகிட்ட சொல்லிட்டுத் தூக்குங்க," என்றபடி மச்சினன் ஆடினான். அந்தப் பயல் பன் அடுக்குவதில் காட்டாத கவனத்தை இதில் காட்டினான். பன் தலையன் கல்லைத் தாண்டினான். டின்னுக்குக் குனிந்தான். அரைக்கதவைப் பிடித்தான். மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரை நீல நிறமாக மாறியது.

நீல அறை. கனமான கதவு. பன் தலையன் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. மேலேயிருந்து வெள்ளைப் புள்ளிகள் உதிர ஆரம்பித்தன. பன் தலையன் கதவைத் தட்டினான், குதித்தான், மறுபடி தட்டினான். மெல்ல மெல்ல அவனும் நீலமானான். கடைசியில் மீசை வைத்த ஒரு சதுரமான ஐஸ் கட்டியாக நின்றான். இசை தேய்ந்து நின்றது. 'முடிந்தது' என்று எழுத்து வந்தது.

"வெளிய வர வழி?" என்றார் மேனேஜர்.

மச்சினன் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். "வழியே இல்ல மாமா. இதான் முடிவு போல."

மேனேஜர் மெதுவாகத் திரும்பினார். அவருடைய மேஜைக்குப் பக்கத்தில், அவர் இத்தனை நாளும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில், கோல்டு ரூமின் கனமான கதவு இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தது எதையும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட முடியாது. சாகப் பயந்த எந்த மனிதனும் செய்வதைத்தான் செய்தார். முதலில் கோல்டு ரூமிலிருந்த இறைச்சியை எல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார். வைக்க இடம் வேண்டுமே? முன்பக்கம் ஓரம் கட்டிக் கிடந்த இரண்டு பழைய ஐஸ்கிரீம் பெட்டிகளை இழுத்து வந்தார்கள். அவற்றுக்கு மின்சாரம் வேண்டுமே? உயிரோடு இருந்த ஒரே பிளக்கிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, டிவியோடு சேர்த்து மாட்டினார்கள். பிளக் கொஞ்சம் சூடாக இருக்கிறது என்றான் மச்சினன். அதன் மேல் இன்னும் கொஞ்சம் டேப் ஒட்டினார் மேனேஜர்.

பிறகு கோல்டு ரூம் கதவில், 'யாரும் திறக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். அதோடும் மனம் ஆறவில்லை. ஃப்ரையர் அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"இந்தக் கதவ நீங்க தொறக்கக் கூடாது."

"சரி சார்."

"யார் சொன்னாலும் தொறக்கக் கூடாது."

"சரி சார்."

"நானே வந்து சொன்னாலும் தொறக்கக் கூடாது. நான் கெஞ்சினாலும் சரி, கத்தினாலும் சரி. புரியுதா?"

ஃப்ரையர் அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாப் புரியுது சார்," என்றார்.

விழா நாள். கடை நிரம்பி வழிந்தது. பிள்ளைகள் கண்ணாடி அறையின் மேல் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டைக்கு உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்ததால் மேனேஜர் இன்னும் உருண்டையாகத் தெரிந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டது. காலையில் கிளம்பும்போது மனைவியிடம், "வரேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து இன்னொரு தரம் "வரேன்" என்று சொன்னார். அவளுக்கே அப்போது கண் கலங்கிவிட்டது.

"பன்னு! பன்னு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். திரையில் இருப்பவனைச் சொன்னார்களா, இவரைச் சொன்னார்களா தெரியவில்லை. மேனேஜர் பொத்தானை அழுத்தினார்.

'டப்' என்றது. புகை வாசனை. டிவி, ஐஸ்கிரீம் பெட்டி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் செத்தன.

முன்பக்கம் தெருவின் வெளிச்சம் இருந்தது. ஜன்னல் இல்லாத சமையலறை மட்டும் கன்னங்கரேல் என்று கிடந்தது.

"ஃபியூஸ் போயிடுச்சு மாமா! பெட்டி சாமான் ரூம்ல இருக்கு!"

"நீ போடா."

"நான் போனா இந்தப் பிள்ளைங்க மெஷினப் பிரிச்சுடுவாங்க!"

வேறு வழியில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேனேஜர் இருட்டுக்குள் காலடி வைத்தார். போன் வெளிச்சம் போடலாம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. பயந்தவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்?

ஆனால் ஒன்று. அடிபட்டே படித்த பாடம் உடம்பில் இருந்தது. காலால் தடவி அட்டையின் ஓரத்தைக் கண்டுபிடித்தார். காலைத் தூக்கி அகலமாக ஒரு எட்டு. கல் தாண்டியாயிற்று! கையை உயர்த்தி அலமாரியின் விளிம்பைத் தொட்டார். ஆமை மாதிரி தலையை இழுத்துக்கொண்டு குனிந்தார். டின் விழவில்லை! மேனேஜருக்குள் வெகுநாளாகக் காணாமல் போயிருந்த ஒரு வீரம் எட்டிப் பார்த்தது. இனி அரைக்கதவு ஒன்றுதான் பாக்கி.

"யாரது, சாரா?" என்றது இருட்டில் ஃப்ரையர் அக்காவின் குரல். "எங்க போறீங்க?"

"ஃபியூஸ் போட! நீங்க நகராதீங்க!"

ஒரு கைப்பிடி தட்டுப்பட்டது. சில்லென்று இருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு எதைத் தொட்டாலும் சில்லென்றுதான் இருந்தது. இழுத்தார். உள்ளே நுழைந்தார். இந்தத் தடவை ஏமாறுவாரா? கதவு திரும்பி வந்து பின்புறத்தில் போடுவதற்குள், பின்கையால் லாவகமாகப் பிடித்து, பூப்போல மெதுவாகச் சாத்தினார்.

'க்ளக்' என்றது கதவு.

அரைக்கதவு க்ளக் என்று சொல்லாது.

மேனேஜர் அசையாமல் நின்றார். கையை நீட்டினார். பனி பிடித்த இரும்புத் தட்டு. திரும்பி உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். அது எந்தப் பக்கமும் பிடிப்பில்லாமல் லொடலொடவென்று சுற்றியது.

அவர் போட்ட சத்தத்தில் இரண்டு ஸ்வெட்டரும் அதிர்ந்தன.

"அக்கா! கதவத் தொறங்க! நான் உள்ள மாட்டிக்கிட்டேன்!"

"முடியாது சார்," என்றார் ஃப்ரையர் அக்கா.

"என்னது?"

"நீங்களே சொன்னாலும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"அது அப்ப! இப்ப நான் நிஜமாவே சொல்றேன்!"

"கத்தினாலும் தொறக்கக் கூடாதுன்னீங்க."

"கெஞ்சிக் கேட்கிறேன் அக்கா!"

"அதையும் சொன்னீங்க சார். நீங்க என்னச் சோதிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா? விழா நாள்ல என் பேரக் கெடுத்துக்க மாட்டேன்."

முன்பக்கம் மச்சினன் பொறுமை இழந்து, கடைசியில் தானே சாமான் அறைக்கு ஓடி ஃபியூஸைப் போட்டான். விளக்கு வந்தது. கோல்டு ரூமுக்குள் ஒரு நீல பல்பு எரிந்தது. மேலேயிருந்த பெரிய விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அதன் றெக்கையில் படிந்திருந்த பனி, வெள்ளை வெள்ளைப் புள்ளியாக மேனேஜரின் தொப்பியின் மேல் உதிர்ந்தது.

அப்போது அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். கத்தி என்ன பயன்? எல்லாம் வந்துவிட்டது. நீலம் வந்துவிட்டது, புள்ளி வந்துவிட்டது. இனி எழுத்து ஒன்றுதான் வரவேண்டும். காலியான இறைச்சித் தட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தன் கையைப் பார்த்தார். அது நீலமாகத் தெரிந்தது. பல்பு நீலம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. இரண்டாவது தரம் 'வரேன்' என்று சொன்னபோது மனைவி முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தார். அழுகை வந்தது. மீசை விறைத்துக்கொண்டது.

வெளியே யாரோ பேசும் குரல் கேட்டது. "விழாவுக்கு வர்ற வழியிலயே டிவி புகையுதுன்னு போன் வந்துச்சு. மேனேஜர் எங்க? பர்கர் ரெடியா?"

"அவர் கோல்டு ரூமுக்குள்ள இருந்துக்கிட்டு என்னச் சோதிக்கிறார்," என்றார் ஃப்ரையர் அக்கா.

"உள்ளயா? கதவு சாத்தியிருக்கா?" அந்தக் குரல் திடீரென்று மாறியது. ஓடி வரும் செருப்புச் சத்தம். கைப்பிடியை யாரோ மேலே தூக்கி, கதவின் அடியில் முழங்காலால் ஒரு இடி இடித்தார்கள். கதவு திறந்துகொண்டது.

சோடாபுட்டிக் கண்ணாடியோடு மெஷின்காரர் நின்றார். மேனேஜர் அப்படியே பாய்ந்து அவரைக் கட்டிக்கொண்டார். முதல் பார்வையில் பிடிக்காமல் போன அந்த மனிதரை, இதுவரை வேறு யாரையும் இத்தனை இறுக்கமாகக் கட்டிக்கொண்டதில்லை என்கிற அளவுக்குக் கட்டிக்கொண்டார்.

மச்சினன் ஒரு கப் சூடான காப்பி கொண்டுவந்தான். ஃப்ரையர் அக்கா ஃப்ரையர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "நிஜமாத்தான் மாட்டிக்கிட்டீங்களா சார்? சொல்லக் கூடாதா?" என்று அங்கலாய்த்தார்.

பல் கிட்டிக்கொண்டதால் மேனேஜரால் முதலில் பேச முடியவில்லை. பேச்சு வந்ததும் மெஷின்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த மெஷின இப்பவே தூக்கிட்டுப் போயிடுங்க. அது கேம் இல்ல. ஏதோ கெட்டது அதுக்குள்ள இருக்கு. கல்லு, டின்னு, கதவு, இந்த ஐஸ் ரூம் வரைக்கும், எனக்கு நடக்கப் போறது எல்லாத்தையும் முன்கூட்டியே காட்டுது!"

மெஷின்காரர் கையை விடுவித்துக்கொண்டார். ஃப்ரையர் அக்கா கொடுத்த பர்கரை ஒரு கடி கடித்துக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் நடந்தார். தரையைப் பார்க்காமலே அட்டையைக் காலைத் தூக்கித் தாண்டினார். எதிரே இருந்த அலமாரிக்குத் தலையைக் குனிந்தார். மேனேஜர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தார்.

மெஷின்காரர் அங்கேயே நின்றார். அட்டையைப் பார்த்தார், ஆணி இல்லாத அலமாரியைப் பார்த்தார், கோல்டு ரூம் கதவைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"நடக்கப் போறதையா? அந்தக் கேம வரைஞ்சதே நான்தான் சார். அப்ப நான் இதே கடையில உருளைக்கிழங்கு பொரிச்சுக்கிட்டிருந்தேன், எனக்கு என்னென்ன நடந்துச்சோ அதத்தான் வரைஞ்சேன். முப்பது வருஷம் ஆச்சு, இதுல ஒண்ணக்கூடவா நீங்க யாரும் ரிப்பேர் பண்ணல?"